புள்ளி பதினேழு

நாலரைக்கு வண்டி கிளம்பும்.
பன்னிரண்டுக்கு மேல் வெயிலில் நிற்கச் சட்டம் விடாது.
அதற்கு முன்பே ஈரக்காற்று விடாது.
அஸ்கர் தாண்டித் திரும்பினால்
கண்ணுக்கு முன் மூக்கு சொல்லிவிடும்.

என் வேலை மண் அள்ளுவது.
குப்பைமேட்டு வேலியைச் சுற்றி நாற்பது புள்ளிகள்,
பதினைந்து சென்டிமீட்டர் ஆழம்,
பிளாஸ்டிக் கரண்டி, இரும்பு படக் கூடாது.
ஒரு பை, ஒரு எண், ஒரு கையெழுத்து.

மண் பார்க்க மண்ணாகத்தான் இருக்கிறது.
அதுதான் அதனிடம் உள்ள தொந்தரவு.
செத்த பேட்டரி, டியூப் லைட்,
யாரோ புதிது வாங்கிய அன்று தூக்கிப்போட்ட டிவி,
எல்லாம் வருஷத்தில் நாலு நாள் பெய்கிற மழையில்
இறங்கி, நகர்ந்து, வெளியே வந்திருக்கும்.
வேலி ஆட்களுக்குத்தான்.
காட்மியத்திடம் அடையாள அட்டை கேட்க ஆளில்லை.

பதினேழாம் புள்ளியில் ஒரு பாத்தி.
காவல் கூண்டுக்குப் பின்னால், இரண்டு முழ அகலம்,
ரத்தச் சிவப்பில் கீரை.
போட்டவர் மொகிபுல்.
போலாக்காரர், ஆறு தின்றுவிட்ட நிலத்துக்குச் சொந்தக்காரர்.
கூண்டின் ஏசி சொட்டுவதை டின்னில் பிடித்து ஊற்றுவார்.
இந்தத் தீவில் உப்பில்லாத தண்ணீர் இதுதான் என்பார்
பாதி இந்தியில், மீதி கையால்.
உண்மைதான். தண்ணீரில் குற்றமில்லை.

மார்ச்சிலிருந்து போகும்போதெல்லாம் ஒரு கட்டு.
ஹூரா அறையில் ஆறு பேர்
பூண்டு தட்டிப்போட்டு வதக்கினோம்.
சோறு சிவந்துவிடும்.
ஆல்வின் மட்டும், "மண்வாசனை தூக்குதுடா" என்றான்.
சிரித்தோம்.

முடிவு வந்த அன்று
பதினேழுக்கு நேரே ஈயம்.
மறுபடி ஓட்டினேன்.
குடுவைகளைக் கழுவி மூன்றாம் தரமும்.
எண் அசையவில்லை.

மேலாளர் தேவநேசன் கதவைச் சாத்தினார்.
நாகர்கோவில் தமிழில், அன்பாகவே சொன்னார்:
"தம்பி, ரிப்போர்ட்டுன்னா
ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்,
பூசாத மாதிரியும் இருக்கணும்.
பதினேழைப் பத்து மீட்டர் கிழக்கே தள்ளி எடு.
அங்க வெறும் சரளைதான்."

சொல்லி முடித்த பின்தான்
சொன்னது அவருக்கே காதில் விழுந்தது.
கொஞ்ச நேரம் ஏசிச் சத்தம் மட்டும்.

அடுத்த கட்டை வதக்கவில்லை.
கழுவி, உலர்த்தி, அரைத்து
நைட்ரிக் அமிலத்தில் வேகவைத்தேன்.
சிவப்பெல்லாம் போய்க்
குடிக்கலாம் போலத் தெளிந்து நின்றது.
எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன்.

வியாழக்கிழமை மொகிபுல் நாற்காலி போட்டார்.
ஈயத்துக்கு இந்தியில் சீசா என்று கேட்டு வைத்திருந்தேன்.
"கீரையில் சீசா" என்றேன்.
ஹூக்கா உறிஞ்சுவதுபோல் உதடு குவித்து
"நான் புகைப்பதில்லையே" என்று சிரித்தார்.
எங்களூரில் சீசா என்றால் பாட்டில்.
மூன்று சொல்லும் எங்களுக்கு நடுவே உருண்டன.

கடைசியில் வேலியோரம் கிடந்த
வீங்கிய லாரி பேட்டரியைக் காலால் தட்டினேன்.
பாத்தியைக் காட்டினேன்.
என் வயிற்றைத் தொட்டேன்.
அவர் வயிற்றைத் தொடத் தைரியம் வரவில்லை.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"நன்றாகக் கழுவினால்?"
பிறகு, "கேம்பில் பதினாலு பேர் சாப்பிட்டோம்."
பிறகு கீரையைப் பார்த்தபடியே,
"பன்னிரண்டு மணி நேரம். வேறெதைப் பார்ப்பேன்?"

பத்து மீட்டர் கிழக்கே சரளையும் எடுத்தேன்.
அதற்கு எண் பதினேழு-அ.
அறிக்கையில் இரண்டும் இருக்கின்றன,
நான் அனுப்பிய அறிக்கையில்.
போன இடத்தில் எத்தனை இருக்கின்றனவோ.

நேற்று அறையோடு மருத்துவமனைக்குப் போனோம்.
மொகிபுல் வரவில்லை, ஷிப்ட்.
படிவத்தில் ஒரு கட்டம்: மாதிரி எடுத்த இடம்.
பழக்கத்தில் பதினேழு என்று எழுதிவிட்டேன்.
நர்ஸ் பேனாவை வாங்கி, அடித்து,
இடது கை என்று எழுதினாள்.